திடீர்த் தலைவலியை அலட்சியம் செய்யாதீர்கள்: மூளை இரத்தக் குழாய் வீக்கம் தரும் எச்சரிப்புகள்



தலைவலி வராத மனிதர் இல்லை. சித்திரை வெயிலில் மஞ்சக்குப்பம் கடைத்தெருவுக்குப் போய் வந்தால் தலைவலிக்கிறது. இரவு தூக்கம் கெட்டாலும், காலை ஆகாரம் தவறினாலும் தலைவலிக்கிறது. ஒரு மாத்திரை, கொஞ்சம் தைலம், ஒரு சுக்குப் பற்று, இரண்டு மணி நேரத் தூக்கம் ஆகியவற்றோடு பெரும்பாலான தலைவலிகள் தீர்ந்துவிடுகின்றன. அவற்றுக்காக யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை.

ஆனால் இவற்றில் சேராத ஒரு தலைவலி உண்டு. அது அபூர்வமாகவே வரும். வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளையிலுள்ள ஓர் இரத்தக் குழாய் வீங்கி, அந்த வீக்கத்திலிருந்து இரத்தம் கசியும்போதோ, அது வெடிக்கும்போதோ உண்டாகும் தலைவலி அது. அதை எப்படி அடையாளம் கண்டுகொள்வது, அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை. இதை அறிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், ஓர் உயிர் தப்ப வழியுண்டு.

வீக்கம் என்பது என்ன?

பழைய சைக்கிள் டியூபில் காற்றடிக்கும்போது, நைந்துபோன இடம் மட்டும் கொப்புளம் போலப் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயிலும் இப்படி நேரிடலாம். மூளையின் அடிப்பாகத்தில் முக்கியமான இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையம் போல அமைந்திருக்கின்றன. அவை கிளை பிரியும் இடங்களில் இரத்தம் சுவரின் மேல் வேகமாக மோதிக்கொண்டே இருக்கிறது. அங்கே சுவர் பலவீனமாக இருந்தால், பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் புடைத்து ஒரு பை போல ஆகிவிடும். மருத்துவர்கள் இதை அனியூரிசம் என்பார்கள். பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவானவை. மிளகு அளவிலும் இருக்கும், பட்டாணி அளவிலும் இருக்கும்.

இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இப்படிப்பட்ட வீக்கம் இருப்பதாக உலக அளவில் செய்த ஆய்வுகள் கூறுகின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது கடைசிவரை வெடிப்பதே இல்லை. தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் முதிர்வயதுவரை வாழ்ந்து முடிக்கிறார்கள்.

வெடிப்பது மிகச் சிலருக்குத்தான். ஆனால் வெடித்தால் ஆபத்து மிகவும் பெரிது. மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கு இடையே இரத்தம் பாய்கிறது. மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஒரே நொடியில் ஏறுகிறது. சிலர் அந்த இடத்திலேயே மயங்கி விழுகிறார்கள். இப்படி இரத்தம் கசிந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துவிடுகிறார். சிலர் ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன்பே இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்கு ஞாபகக்குறைவு, பார்வைக் குறைவு, கைகால் பலவீனம் ஆகியவை நின்றுவிடுகின்றன. இது முதியோருக்கு மட்டும் வரும் வியாதியும் அல்ல. குடும்பப் பொறுப்பைச் சுமந்துகொண்டிருக்கும் 40 முதல் 60 வயதுக்குட்பட்டவர்களே அதிகமாகப் பாதிக்கப்படுகிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம்.

எச்சரிப்பு அடையாளங்கள்

1. நொடியில் உச்சத்துக்கு ஏறும் தலைவலி. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான அடையாளம். தலையில் இடி விழுந்தாற்போல, சம்மட்டியால் அடித்தாற்போல என்று வியாதியஸ்தர்கள் சொல்வார்கள். "என் ஆயுசில் இப்படி ஒரு தலைவலி வந்ததில்லை" என்பார்கள். எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட, எவ்வளவு சீக்கிரத்தில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒற்றைத் தலைவலி மெல்லத் தொடங்கி, அரை மணி, ஒரு மணி நேரத்தில் கடுமையாகும். இதுவோ ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு வந்துவிடும். "மணி என்ன, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டால் துல்லியமாகப் பதில் சொல்வார்கள். தண்ணீர்க் குடம் தூக்கியபோது, மலம் கழிக்க முக்கியபோது, பாரம் இழுத்தபோது என்று பலர் சொல்வதுண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், தூக்கத்திலும்கூட வரலாம்.

2. வந்து போய்விடும் திடீர்த் தலைவலி. இதுவே மிகவும் ஏமாற்றக்கூடியது. வீக்கம் முழுவதும் வெடிக்குமுன் சிறிதளவு இரத்தம் கசிந்து நின்றுவிடலாம். அப்போது வரும் தலைவலி சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ குறைந்துவிடும். பெரிய இரத்தக் கசிவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை விசாரித்த ஆய்வுகளில், பத்தில் ஒருவர் முதல் நால்வர்வரை, அதற்கு முந்திய நாட்களில் அல்லது வாரங்களில் இப்படி ஒரு தலைவலி வந்து போனதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த முதல் தலைவலியன்றே அவர்கள் பரிசோதனைக்கு வந்திருந்தால் பலருக்குப் பெரிய வெடிப்பைத் தடுத்திருக்கலாம்.

3. ஒரு கண்ணின் இமை தொங்குதல். ஒரு பக்கத்து மேல் இமை திடீரென்று இறங்கிவிடும். அந்தக் கண் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும். பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். கருவிழியின் நடுவிலுள்ள கண்மணி மற்றக் கண்ணைவிட விரிந்து பெரிதாக இருக்கும். மூளையிலிருந்து கண்ணுக்குச் செல்லும் மூன்றாம் நரம்பு, வீக்கம் உண்டாகும் ஓர் இரத்தக் குழாயை ஒட்டியே ஓடுகிறது. வீக்கம் பெரிதாகி நரம்பை அமுக்கும்போது இப்படி ஆகிறது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் இதே நரம்பு பாதிக்கப்பட்டு இமை தொங்குவதுண்டு. அதில் பெரும்பாலும் கண்மணி விரிவதில்லை. இந்த வேறுபாட்டை வீட்டில் தீர்மானிக்க முயல வேண்டாம். மருத்துவர் பார்க்கட்டும்.

4. கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல். கசிந்த இரத்தம் மூளை உறைகளை எரிச்சலூட்டுவதால் இவை உண்டாகின்றன. கழுத்து உடனே விறைப்பதில்லை. சில மணி நேரம் கழிந்த பின்பே விறைக்கலாம். குனிந்து தாடையை மார்பில் வைக்க முடியாது.

5. தலைவலியோடு மயக்கம், வலிப்பு, குழப்பமான பேச்சு. மயக்கம் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டாலும் இதை அலட்சியம் செய்யலாகாது.

இங்கே ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். திடீரென்று உச்சத்துக்கு ஏறும் தலைவலி எல்லாமே இரத்தக் கசிவாக இருப்பதில்லை. பரிசோதித்துப் பார்த்தால் பெரும்பாலோருக்கு வேறு காரணமே இருக்கும். ஆனால் யாருக்கு எது என்பது பரிசோதனை செய்த பின்புதான் தெரியும். "ஒன்றுமில்லை" என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்புவதற்காகச் செலவான ஒரு நாள் வீணான நாள் அல்ல.

நாம் ஏன் தவறவிடுகிறோம்?

இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றும் நம்மைத் தவறான வாசலுக்கு அனுப்பிவிடுகின்றன. குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். வேலையில் இருக்கும்போது திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, இரண்டு முறை வாந்தி எடுக்கிறார். "பித்தம் ஏறிவிட்டது" என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுக்கிறார்கள். மறுநாள் கழுத்து திரும்பவில்லை. "சுளுக்கு" என்று நீவிவிடுபவரிடம் அழைத்துப் போகிறார்கள். இமை இறங்கினால் கண்ணாடிக் கடைக்கு அனுப்புகிறார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எல்லாரும் அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் விலையேறப்பெற்ற நேரம் போய்விடுகிறது.

இன்னும் மூன்று காரணங்களால் படித்தவர்களும் ஏமாந்துபோகிறார்கள்.

முதலாவது, "கை கால் நன்றாக இருக்கிறதே, பக்கவாதம் இல்லை" என்ற சமாதானம். சாதாரணப் பக்கவாதத்தில் வாய் கோணும், ஒரு பக்கத்துக் கை கால் விழும். வீக்கம் வெடிக்கும்போது பலருக்கு அப்படி ஒன்றும் இருப்பதில்லை. நடந்தே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் உண்டு. நடந்து வருகிறவருக்கே பிழைத்துச் சுகமடைய அதிக வாய்ப்பு உண்டு என்பதால், அவரைத் திருப்பி அனுப்புவதே பெரிய நஷ்டம்.

இரண்டாவது, இரத்த அழுத்தம். தலைவலியோடு வருபவருக்குப் பிரஷர் பார்த்தால் 180, 190 என்று இருக்கும். "பிரஷர் ஏறியதால்தான் தலைவலி" என்று மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூளையில் இரத்தம் கசிந்ததால் பிரஷர் ஏறியிருக்கவும் கூடும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, "மாத்திரை போட்டதும் குறைந்துவிட்டது" என்பது. வலி மாத்திரைக்கு இந்தத் தலைவலியும் சற்றுக் கட்டுப்படலாம். வலி குறைந்ததால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருள் அல்ல.

பெரிய பதவியில் இருப்பவர்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவில் பின்னாளில் ஜனாதிபதியான ஜோ பைடன், 1987-இல் தேர்தல் பிரசாரத்தில் இருந்தபோது தலைவலிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். 1988 பிப்ரவரியில் ஒரு ஹோட்டல் அறையில் மயங்கி விழுந்தார். மூளையில் வீக்கம் கசிந்திருப்பது தெரிந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அதே ஆண்டு மே மாதம், வெடிக்காதிருந்த இரண்டாவது வீக்கத்துக்கும் அறுவை செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 45. அதன்பின் 30 ஆண்டுகளுக்கும் மேல் பொதுவாழ்வில் உழைத்தார். காலத்தில் சிகிச்சை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

முதல் நாள் ஏன் முக்கியம்?

வெடித்த வீக்கத்தின் வாயில் இரத்தம் உறைந்து, தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் வியாதியஸ்தர் பிழைத்திருக்கிறார். ஆனால் அந்த அடைப்பு பலமானதல்ல. அது பிய்த்துக்கொண்டு மறுபடியும் இரத்தம் பாயும் ஆபத்து முதல் 24 மணி நேரத்திலேயே மிகவும் அதிகம். இரண்டாவது கசிவு வந்தால் உயிருக்கு ஆபத்து மிகவும் அதிகம்.

பரிசோதனைக்கும் நேரம் முக்கியம். தலைவலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் நல்ல சி.டி. ஸ்கேன் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்த்தால், கசிவு ஏறக்குறைய தவறாமல் தெரிந்துவிடும். நாட்கள் செல்லச் செல்ல இரத்தம் கரைந்துபோவதால் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அப்போது முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கசிவு இருந்தால் அந்த நீரில் இரத்தமோ மஞ்சள் நிறமோ தெரியும். "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்" என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்கிறவர்கள் உண்டு. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைப் போடுகிறார்கள். ஆகையால் பயப்படாமல் சம்மதியுங்கள்.

சிகிச்சை உண்டு

ஒரு காலத்தில் இதற்கு வழியே இல்லாதிருந்தது. 1937 மார்ச் மாதம் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் வால்டர் டாண்டி, ஒரு வீக்கத்தின் கழுத்தில் சிறிய வெள்ளிக் கிளிப்பை மாட்டி, அதற்குள் இரத்தம் போகாமல் அடைத்தார். அந்த வியாதியஸ்தரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அடையாளம், மேலே மூன்றாவதாகச் சொன்ன கண் நரம்புப் பாதிப்பே. கிளிப் மாட்டும் முறை இன்றும் உண்டு. 1990-இல் வேறொரு முறையும் வந்தது. தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மண்டையைத் திறக்காமலே, வீக்கத்துக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பி அடைத்துவிடுகிறார்கள். எந்த முறை யாருக்கு ஏற்றது என்பதை வீக்கத்தின் இடத்தையும் வடிவத்தையும் பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்.

நம் நாட்டில் இந்தக் கதவு திறந்த இடம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி என்பதை நண்பர்கள் அறிந்திருப்பது நல்லது. கனடாவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி இந்தப் பணியைத் தொடங்கினார். அதற்கு முன்பு கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒருவருக்கு வீக்கம் வெடித்தால், கொண்டுபோகத் தேசத்தில் ஒரு துறைகூட இல்லை. இன்று அந்த நிலை மாறிவிட்டது. மஞ்சக்குப்பத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. ஆஸ்பத்திரி அருகில் வந்துவிட்டது. வீட்டிலிருந்து புறப்படுவதில்தான் இன்னும் தாமதம்.

யார் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்?

இரத்த அழுத்தம் உள்ளவர்கள், பீடி சிகரெட் குடிப்பவர்கள், அதிகமாக மது அருந்துகிறவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். இந்த மூன்றும் நம்மால் கட்டுப்படுத்தக்கூடியவை. பிரஷர் மாத்திரையை "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்திவிடாதீர்கள். பீடியை விடுவது எந்த வயதிலும் பலன் தரும். இவையன்றி, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் இரண்டு பேருக்கு இந்த வியாதி வந்திருந்தாலும், பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் வியாதி குடும்பத்தில் இருந்தாலும், முன்கூட்டியே ஸ்கேன் எடுப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மற்றவர்கள் பயத்தினால் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் சிறிய வீக்கம் தெரிந்தாலும் மனம் தளர வேண்டாம். பல வீக்கங்களை அறுவை செய்யாமல், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும்.

செய்ய வேண்டியவை

• தலைவலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
• 108-க்குப் போன் செய்யுங்கள். ஸ்கேன் வசதியும் மூளை அறுவைப் பிரிவும் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி கேளுங்கள். அது தூரமாக இருந்தால் முதலில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைக்காவது போய்விடுங்கள்.
• மருத்துவரிடம் வெறுமனே "தலைவலி" என்று சொல்லாதீர்கள். "காலை 11 மணிக்கு, குடம் தூக்கும்போது, ஒரே நொடியில் வந்தது, இதுபோல் முன்பு வந்ததில்லை" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பெரிய உதவி.
• மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
• வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும், காப்பீட்டுத் திட்ட அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். "இரத்தம் உறையாமலிருக்க" மாத்திரை சாப்பிடுகிறவரானால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

• கழுத்தைச் சுளுக்கெடுக்கவோ, நெட்டி முறிக்கவோ கூடாது.
• ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கக் கூடாது. அது இரத்தம் உறைவதைக் குறைக்கும்.
• மயக்கமாகவோ வலிப்பாகவோ இருப்பவர் வாயில் தண்ணீர், சோடா, கரண்டி, துணி எதையும் வைக்கக் கூடாது.
• ஸ்கூட்டர் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போகக் கூடாது.
• "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இரவைக் கடத்தக் கூடாது.

நண்பர்களே, இந்தப் பக்கத்தைக் கத்தரித்து உங்கள் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாசித்துக் காட்டட்டும். வாசிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு வாயால் சொல்லுங்கள். எல்லா அடையாளங்களும் ஞாபகத்தில் நிற்காவிட்டாலும், ஒன்று மட்டும் நின்றால் போதும்: ஒரே நொடியில் உச்சத்துக்கு வந்த தலைவலி, நின்றுபோனாலும் சரி, அன்றைக்கே ஆஸ்பத்திரி.